வாழவந்தி நாட்டில் பெரிய துரையின் கதைகள்

சேந்தமங்கலத்துக்கு இன்னும் நாலு மைல் இருக்கும்போது பஸ் நின்றுவிட்டது. சண்டை முடிந்த பிறகும் பெட்ரோல் கிடைக்காத காலம். பஸ்ஸின் முதுகில் பீப்பாய் மாதிரி ஓர் அடுப்பைக் கட்டி, அதில் கரியை எரித்து, வருகிற வாயுவில் வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். கண்டக்டர் இறங்கிப்போய் அடுப்பின் கைப்பிடியைச் சுழற்று சுழற்றென்று சுழற்றினார். புகை வந்தது; வண்டி நகரவில்லை.

"ஆம்பளைங்க எல்லாம் எறங்கித் தள்ளுங்க. பொம்பளைங்க உக்காந்துக்குங்க" என்றார்.

"ஏனுங்க, டிக்கெட்டும் வாங்கிக்கிட்டுத் தள்ளவும் சொல்றீங்களே" என்று முட்டைக் கூடையோடு வந்த ஒருவர் கேட்டார். கேட்டுக்கொண்டே இறங்கித் தள்ளினார். நானும் தள்ளினேன். எங்கள் யாழ்ப்பாணத்திலும் இதே கரி பஸ்தான். ஆனால் அங்கே தரை தட்டை. ஒரு தள்ளுத் தள்ளினால் தானாக உருளும். இங்கே ரோடு கண்ணுக்குத் தெரியாமல் மேலே ஏறிக்கொண்டே போகிறது. தள்ளுகிறவனின் முழங்காலுக்குத்தான் அது தெரியும்.

மூச்சு வாங்க நிமிர்ந்தபோது எதிரே கொல்லிமலை நின்றது. எங்கள் ஊரில் பனையின் தலைதான் மிக உயரமான இடம். அதற்கு மேலே வானம். இங்கே வானம் இருக்கவேண்டிய இடத்தில் பாதிக்கு மேல் மலை இருந்தது. அதன் மேல் ஏறப்போகிறோம் என்பதை அதுவரை நான் சரியாக யோசித்திருக்கவில்லை.

என்னைக் கடல் கடந்து இங்கே கொண்டுவந்தது ஒரு கார்டு. சண்டைக் காலத்தில் மூன்று வருஷம் அஸ்ஸாம் பக்கத்துப் பட்டாள ஆஸ்பத்திரி ஒன்றில் நான் ரைட்டராக இருந்தேன். கம்பளிக் கணக்கு எழுதுவது சம்பளத்துக்குச் செய்த வேலை. தமிழ்ச் சிப்பாய்களுக்குக் கடிதம் எழுதிக்கொடுப்பது சம்பளமில்லாத வேலை. அப்போது பழக்கமானவன் பொன்னன். பர்மாவுக்கு ரோடு போட்ட பட்டாளத்தில் பாறை உடைத்தவன், கொல்லிமலைக்காரன். யாரிடமோ எழுதி வாங்கி அவன் போட்ட கார்டில் இப்படி இருந்தது: "ரைட்டர் அவர்கள் ஒரு தடவை மலைக்கு வந்துபோக வேண்டியது. மாசி மாதம் பட்டாளத்துக்குப் போனவர்கள் வீட்டு ஜனங்கள் எல்லாம் கூடுகிறோம். செங்கோடன் வீட்டிலும் உங்களை எதிர்பார்க்கிறார்கள்."

செங்கோடன் பொன்னனுடைய கூட்டாளி. ஒன்றாகப் பட்டாளத்தில் சேர்ந்தவர்கள். எங்கள் வார்டில் அவன் இறந்துபோனான். அவன் வீட்டுக்கு மரணக் கடிதம் எழுதியது நான். கார்டின் அந்தக் கடைசி வரிக்காகத்தான் நான் புறப்பட்டேன். அதற்காகவே புறப்படாமல் இருக்கவும் ஒரு மாதம் யோசித்தேன்.

அடிவாரத்தில் பொன்னன் காத்திருந்தான். காக்கிச் சட்டையின் கைகளை வெட்டிவிட்டுப் போட்டிருந்தான். சந்தையில் வாங்கிய உப்பு மூட்டை ஒன்று பக்கத்தில் இருந்தது. மலைக்கு ரோடு கிடையாது. உப்பும் மண்ணெண்ணெயும் தலைமேலேதான் ஏறவேண்டும். நடக்க முடியாதவர்களை டோலி கட்டித் தூக்கிப் போவார்களாம். எனக்கும் டோலி சொல்லட்டுமா என்று கேட்டான். வீம்பாக வேண்டாம் என்றேன்.

"இன்னும் எவ்வளவு தூரம்?" என்று முதல் மூங்கில் புதரில் கேட்டேன்.

"இதா, கிட்டதானுங்க."

இரண்டாவது ஓடையில் கேட்டேன். கிட்டதானுங்க. பாறை வழுக்கி உட்கார்ந்த இடத்தில் கேட்டேன். அதே பதில். பிறகு கேட்பதை நிறுத்திவிட்டேன். உப்பு மூட்டையோடு அவன் முன்னால் போய், திரும்பி நின்று, நான் வந்து சேருமட்டும் வெற்றிலை மென்றான். "களைப்பா இருக்குதுங்களா?" என்று கேட்டான். "ஓம்" என்றேன். எங்கள் ஊரில் ஆமாம் என்பதற்கு அப்படித்தான் சொல்வோம். எதிரே தேன் குடுவையோடு இறங்கி வந்த பெரியவர் ஒருவர் அதைக் கேட்டு நின்று, கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். ஏதோ சாமியார் மந்திரம் சொல்லிக்கொண்டு மலை ஏறுகிறார் என்று நினைத்துவிட்டார் என்று பொன்னன் சொன்னான்.

மலை ஊர்கள் சில சேர்ந்ததை அங்கே நாடு என்கிறார்கள்; செங்கோடனின் வாழவந்தி நாட்டுக்குள் நுழைந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. மேலே இப்படி ஒரு சமவெளி இருக்கும் என்று கீழே நின்று பார்க்கிற ஒருவனும் நம்பமாட்டான். படிப்படியாக வயல், புல் வேய்ந்த வீடுகள், பலா மரங்கள், மிளகுக்கொடி. காற்றில் ஈர மண் வாசனை. தண்ணீருக்குக் கிணற்றின் அடிவரைக்கும் கயிறு விடுகிற ஊர்க்காரன் நான். இங்கே வீட்டுக்குப் பின்னால் தண்ணீர் சும்மா ஓடிக்கொண்டிருந்தது.

என்னைத் தங்கவைத்தது செங்கோடனின் தகப்பனார் சடையக் கவுண்டர் வீட்டில். அறுபது வயதிருக்கும். வற்றிய உடம்பு, பெரிய உள்ளங்கைகள். என் இரண்டு கைகளையும் அந்த உள்ளங்கைகளுக்குள் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை.

"இந்தக் கைதானுங்க எழுதுனது" என்று உள்ளே பார்த்துச் சொன்னார். "பாப்பாயி, வந்து பாரு கண்ணு."

பாப்பாயி செங்கோடனின் மனைவி. இருபத்திரண்டு வயதிருக்கும். கல்யாணமாகி ஒரு வருஷத்தில் அவன் பட்டாளத்துக்குப் போனான், பிள்ளை இல்லை. வாசற்படியில் வந்து நின்று என் கையைப் பார்க்காமல் முகத்தைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய்விட்டாள்.

சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் போட்டார்கள். குழம்பில் தேங்காய் கிடையாது, மிளகு தாராளம். தேங்காய்ப்பால் சொதியில் வளர்ந்த எனக்கு முதல் கவளத்தில் கண் கலங்கிவிட்டது. நான் கொண்டுபோயிருந்த பனங்கட்டிக் குட்டான்களைக் கொடுத்தேன். சின்ன ஓலைப் பெட்டிக்குள் வெல்லம் இருப்பதைப் பார்த்துக் கிழவர் சிரித்தார். "கூட்டுக்குள்ள குருவி முட்டையாட்ட இருக்குதுங்க" என்றார்.

சாப்பாடு முடிந்ததும் கூரையில் செருகியிருந்த மூங்கில் குழாய் ஒன்றை எடுத்தார். அதற்குள் என் கடிதம். அவருக்குப் படிக்கத் தெரியாது. அடிவாரத்து வாத்தியார் ஒருவரை மூன்று தடவை படிக்கச் சொல்லிக் கேட்டு மனப்பாடம் செய்துவிட்டாராம். காகிதத்தை முன்னால் பிடித்துக்கொண்டு, என் எழுத்துத் தமிழை ஒரு சொல் பிசகாமல் சொன்னார்.

"தங்கள் அருமை மகன் செங்கோடன் இன்று அதிகாலை இறைவனடி சேர்ந்தான். நம் படைகளுக்கெல்லாம் தலைவரான ஜெனரல் துரை அவர்களே வார்டுக்கு வந்து, தரையில் அமர்ந்து, அவன் தலையைத் தமது மடியில் வைத்துத் தண்ணீர் கொடுத்தார். அந்த மடியிலேயே அவன் உயிர் அமைதியாகப் பிரிந்தது."

நான் நிறுத்தற்புள்ளி வைத்த இடங்களில்கூட அவர் நிறுத்தினார்.

அது பொய். நான் எழுதிய பொய். அன்று எனக்கு நாலு மரணக் கடிதங்கள் இருந்தன. மூன்றில் வழக்கமான வரிகளைப் போட்டேன். செங்கோடனுக்கான நாலாவதில் பேனா நின்றுவிட்டது. வயிற்றுக்கடுப்பில் எலும்பாகிச் செத்தான் என்று ஒரு தகப்பனுக்கு எழுத மனம் வரவில்லை. எழுதினாலும் தணிக்கை அதிகாரி மை போட்டு அழித்துவிடுவார். அதற்கு முந்தின வாரம்தான் ஜெனரல் ஆஸ்பத்திரிக்கு வந்து போயிருந்தார். எல்லாப் பத்திரிகையிலும் அவர் படம். சிப்பாய்களுக்கு அவர் என்றால் உயிர். அவரைக் கூப்பிட்டுச் செங்கோடன் பக்கத்தில் உட்காரவைத்தேன். நல்ல காரியம் செய்ததாகவே அன்று நினைத்தேன்.

மறுநாள் காலை முகம் கழுவ ஓடைக்குப் போனேன். மூடுபனி இன்னும் எழவில்லை. பாப்பாயி குடத்தை நிறைக்காமல் வைத்துக்கொண்டு கல்லில் உட்கார்ந்திருந்தாள். நான் வருவேன் என்று காத்திருந்தாள் போலிருக்கிறது.

"ரைட்டருங்களே, ஒண்ணு கேக்கலாமுங்களா?"

"கேளுங்கோ."

"அந்தக் கடுதாசில இருக்கறது நெசமுங்களா?"

"ஏன் கேக்கிறீங்கள்?"

அவள் ஓடையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "எங்க பக்கம் புருசன் போயிட்டா இன்னொருத்தரக் கட்டிக்கறது தப்பில்லீங்க. எங்கம்மாளோட தங்கச்சி, எங்க சின்னாயாவே கட்டியிருக்குது. நாட்டுல பெரியவங்க கூடி ஒரு வார்த்தை சொன்னாப் போதும். பொன்னன் என்னயக் கேட்டாருங்க. மாமனுக்கும் அவரு மேல பிரியந்தான். ஆனா நாட்டுல என்ன சொல்றாங்கன்னா, ஜெண்ட்ரல் மடியில உசுர விட்டவன் சம்சாரம் எப்படி இன்னொருத்தன் ஊட்டுக்குப் போறதுன்னு. மத்தவளுக ஆச்சுன்னா போலாமாம். எனக்கு மட்டும் ஆவாதாம். மாமனும் இப்ப அதையேதான் சொல்றாரு."

எனக்குக் கை நனைந்தபடியே இருந்தது, துடைக்கத் தோன்றவில்லை.

"நெசமா இருந்தா நெசமுன்னு சொல்லுங்க. நான் இப்படியே இருந்துக்கறேன். அதுல எனக்கு வருத்தமில்லீங்க. ஆனா இல்லாத ஒண்ணுக்காவ இருக்கச் சொல்லாதீங்க."

"அது நான் எழுதினது" என்றேன்.

"எழுதுனது நீங்கதான்னு தெரியுமுங்க. நடந்துதுங்களா?"

"இல்லை."

அவள் அழவில்லை, கோபப்படவுமில்லை. குடத்தைத் தண்ணீரில் அமிழ்த்தி நிறைத்து இடுப்பில் வைத்தாள். "எங்கிட்டச் சொல்லி என்னுங்க ஆவப்போவுது? நாளைக்குக் கூட்டத்துல சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு மேட்டில் ஏறிப்போனாள்.

மத்தியானம் பொன்னனைத் தேடிப்போனேன். மிளகுக்கொடியைப் பலா மரத்தில் நார் கொண்டு கட்டிக்கொண்டிருந்தான். அவன் குண்டூர் நாட்டுக்காரன். சண்டை முடிந்து திரும்பியவன் இங்கேயே ஒரு காட்டைத் திருத்திக்கொண்டு கிழவருக்கும் உழுது கொடுக்கிறான்.

"நீ அங்கதானே இருந்தாய். ஏன் இத்தனை நாளாச் சொல்லேல்லை?" என்று கேட்டேன்.

அவன் முடிச்சை இறுக்கிவிட்டு இறங்கினான். "எப்படீங்க சொல்றது? பொண்ணக் கட்டிக்கறதுக்காவ செத்தவன் பேரைக் கெடுக்கறான்னு சொல்லமாட்டாங்களா? அதுவுமில்லாம, நான் ஊருக்கு வந்து சேர்ந்தப்ப சடையப் பெரியப்பா அந்தக் கடுதாசிய எனக்குத்தான் மொதல்ல சொல்லிக் காட்டுனாரு. அப்படி ஒரு சந்தோசத்துல இருந்தாரு. புடுங்கறதுக்கு மனசு வல்லீங்க."

"இப்ப மட்டும் எப்படி வந்தது?"

"எனக்கு வல்லீங்க. கார்டு போடச் சொன்னதே பாப்பாயிதான்."

என்னைக் குறை சொல்லுவான் என்று எதிர்பார்த்தேன். ஒரு சீப்பு வாழைப்பழத்தை அறுத்துக் கொடுத்தான். மலை வாழைப்பழம் சின்னது, தோல் மெல்லியது, தேன் மாதிரி இனிப்பு. எங்கள் ஊர் இதரை வாழைப்பழம் அதன் பக்கத்தில் நிற்க முடியாது. இரண்டு பழம் தின்றேன். மூன்றாவதை உரிக்காமல் கையில் வைத்துக்கொண்டு திரும்பினேன்.

மூன்றாம் நாள் காலையிலேயே ஜனங்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். தேவனூர் நாட்டிலிருந்து ஒரு கூட்டம், குண்டூர் நாட்டிலிருந்து ஒரு கூட்டம். ஊர்க்கவுண்டர் வீட்டு வாசலில் பெரிய பலா மரத்தடியில் உட்கார்ந்தார்கள். மண்பானையில் தினைப் பாயசம் கொதித்தது. சண்டையில் தப்பித் திரும்பியவர்களில் பாதிப் பேர் மறுபடி எங்கெங்கோ வேலைக்குப் போய்விட்டார்கள். வந்திருந்தவர்கள் அதிகமும் தாய்களும் தகப்பன்களும் மனைவிகளும்தான். சண்டையைப் பார்க்காதவர்கள். ஆனால் அவர்கள் பேசியதைக் கேட்டால் ஜெனரலுக்குப் பக்கத்திலேயே மூன்று வருஷம் கூடாரம் அடித்திருந்தவர்கள் என்று தோன்றும்.

அவர் பெயரை அங்கே யாரும் சொல்லவில்லை. பெரிய துரை, அவ்வளவுதான்.

குண்டூர் நாட்டுக் கருப்பாயி அம்மாள் முதலில் ஆரம்பித்தார். அவர் மகன் எங்கள் ஆஸ்பத்திரிச் சமையல் கொட்டகையில் இருந்தவன். "ஒரு நாளு பெரிய தொரை நேரா அடுப்படிக்கே வந்துட்டாராம். எம் மவன் கொள்ளுத் தொவையல் அரைச்சு வெச்சிருக்கான். தொரை மூடியத் தொறந்து, வெரல்ல தொட்டு நாக்குல வெச்சாராம். மொளகா காரம். மூஞ்சி செவந்து, கண்ணுல தண்ணி கொட்டுது. ரெண்டு குவளை தண்ணி குடிச்சாரு. குடிச்சுட்டு என்ன சொன்னாரு தெரியுமா? இன்னுங் கொஞ்சம் போடுன்னாராம்."

எல்லோரும் சிரித்தார்கள். பலமுறை கேட்ட கதை என்பது அந்தச் சிரிப்பிலேயே தெரிந்தது. 'இன்னுங் கொஞ்சம்' என்ற இடத்தை இரண்டு மூன்று பேர் கூடவே சொன்னார்கள்.

அடுத்தவர் செல்லம்மாள், தேவனூர் நாடு. அவர் புருஷன் லாரி கிளீனராக இருந்தவர். லாரியைக் கண்ணால் பார்த்திராத மலையிலிருந்து போய்க் கிளீனர் ஆனவர். "சேத்துல லாரி மாட்டிக்கிச்சாம். எங்க ஊட்டுக்காரரு தள்ளித் தள்ளிப் பாக்கறாரு. ஓரமா ஒருத்தரு சாதாத் தொப்பி போட்டுக்கிட்டு நின்னாராம். ஏனய்யா சும்மா நின்னு வேடிக்கை பாக்கற, தோளக் குடுன்னு இவரு வஞ்சுட்டாராம். அவரும் வந்து தோளக் குடுத்துத் தள்ளியிருக்காரு. மூஞ்சியெல்லாம் சேறு. லாரி ஏறுனதுக்கப்பறம் பின்னாடி வந்த ஆபீசருங்க எல்லாம் வெறச்சு நின்னு சலாம் போடறாங்க. பாத்தா, பெரிய தொரை. எங்க ஊட்டுக்காரரு நாலு நாளு சோறு திங்கலியாம்."

"தொரை ஒண்ணும் சொல்லலியா?" என்று யாரோ எடுத்துக் கொடுத்தார்கள்.

"தோளத் தட்டிக் குடுத்துட்டுப் போனாராம்."

இன்னொருவர் கதையில் ஜெனரல் கோவேறு கழுதையின் காதில் ஏதோ சொல்ல, அது ஆற்றைத் தாண்டியது. ஒருவர் கதையில் ஆறடி இருந்தவர் அடுத்தவர் கதையில் ஏழடி ஆனார். யாரும் யாரையும் மறுக்கவில்லை. கேட்டுக்கொண்டிருந்தபோது எனக்கு ஒன்று புரிந்தது. இவர்கள் ஜெனரலைப் பற்றிப் பேசவே இல்லை. தன் மகன் அரைத்த துவையல், தன் புருஷன் தள்ளிய லாரி. துரை வந்து தொட்டதால் அவற்றைப் பற்றி ஊர் கூடிப் பேச முடிந்தது.

கடைசியில் சடையக் கவுண்டர் எழுந்தார். பேச்சு அடங்கியது. பாயசத்தைக் கிளறிக்கொண்டிருந்தவர்கள்கூட அகப்பையை வைத்துவிட்டார்கள். அவர் கடிதத்தைப் பிடித்துக்கொண்டு சொல்லி முடித்தார். பெண்களில் சிலர் கும்பிட்டார்கள். பாப்பாயி மரத்துக்கு அந்தப் பக்கம் நின்றாள். பொன்னன் கூட்டத்தின் கடைசியில் குனிந்து உட்கார்ந்திருந்தான்.

"எழுதுன கையே இன்னிக்கு வந்திருக்குதுங்க" என்றார் சடையக் கவுண்டர். "நீங்க கண்ணால பாத்தத உங்க வாயால சொல்லுங்க சாமி."

நான் எழுந்தேன். என் பேச்சு அவர்களுக்கு முழுவதும் விளங்காதே என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னேன்.

"செங்கோடன் போன அன்றைக்குப் பெரிய துரை அந்த வார்டுக்கு வரேல்லை. அதற்கு முந்தின வாரம் வந்தவர், வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போயிட்டார். செங்கோடனை அவர் கண்டதே இல்லை. கடிதத்தில் இருக்கிறது நான் எழுதின பொய்."

ஊர்க்கவுண்டர்தான் கேட்டார். "அப்ப மடியில தல வெச்சுப் போனதும் பொய்யிங்களா?"

"இல்லை ஐயா. மடி உண்மை. ஆளைத்தான் மாத்தினேன்."

"யாரு மடி?"

"பொன்னன்ரை மடி."

கூட்டம் முழுவதும் திரும்பிப் பின்னால் பார்த்தது. பொன்னன் நிமிரவில்லை. நான் மீதியையும் சொன்னேன். வார்டில் கட்டில் கிடையாது, பாய்தான். நாலு நாளாகப் பொன்னன் பாறை வேலை முடிந்ததும் மூன்று மைல் நடந்து வருவான். செங்கோடன் பக்கத்தில் உட்காருவான். அவன் துணிகளைத் துவைத்தான். அந்த நோயில் ஆஸ்பத்திரி ஆட்களே தொடக் கூசிய துணிகள். கடைசி நாள் விடியும்போது தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டான். தகரக் குவளையில் தண்ணீர் கொடுத்தான். ஊரில் மழை பெய்திருக்குமா என்று செங்கோடன் கேட்டான். பெய்திருக்கும் என்று பொன்னன் சொன்னான். அதற்குப் பிறகு அவன் ஒன்றும் கேட்கவில்லை.

"கூட இருந்தவன் மடி என்று எழுதினால் போதாது என்று நினைத்தேன்" என்றேன். "அதுதான் நான் செய்த பிழை."

முதலில் பேசியது செல்லம்மாள். குரலில் கோபம் இருந்தது. "அப்ப எங்க ஊட்டுக்காரரு சொன்னதும் பொய்யிங்களா?"

"அது எனக்குத் தெரியாது அம்மா. நான் பார்க்கேல்லை. கருப்பாயி அம்மா சொன்ன துவையல் கதை மட்டும் நான் கண்ணால் கண்டது. அது உண்மை."

கருப்பாயி அம்மாள் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்து மெல்லத் தலையாட்டிக்கொண்டார். செல்லம்மாளுக்கு அது இன்னும் கோபத்தை உண்டாக்கியது. தன் கூட்டத்தை எழுப்பிக்கொண்டு, பாயசம் குடிக்காமலே புறப்பட்டுவிட்டார். போகும்போது அவர்களில் ஒருவர் என் எதிரில் நின்று, சத்தம் போடாமல் கேட்டார்: "படிச்சவங்க எழுதறதுல எது நெசம் எது பொய்யின்னு எங்களுக்கு எப்படீங்க தெரியும்?"



சடையக் கவுண்டர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, வயல் பக்கம் நடந்தார். பொழுது சாய்கிறமட்டும் வரப்பில் உட்கார்ந்திருந்தார். வீட்டுக்கு வந்தும் சாப்பிடவில்லை. எனக்குப் பாப்பாயி சோறு போட்டாள். நன்றாகச் சொன்னீர்கள் என்றும் சொல்லவில்லை, ஏன் சொன்னீர்கள் என்றும் கேட்கவில்லை. மொச்சை மட்டும் கூட ஒரு கரண்டி விழுந்தது. அந்தப் பாயில் நான் சரியாகத் தூங்கவில்லை. ஒரு தகப்பனிடமிருந்து மகனை இரண்டாவது தடவையும் எடுத்துவிட்டோமோ என்று நினைத்துக்கொண்டு கிடந்தேன்.

நாலாம் நாள் காலை புறப்படத் தயாரானேன். என்னை இறக்கிவிட வந்த பொன்னன் உள்ளே வராமல் வாசலிலேயே நின்றான். எனக்கும் சடையக் கவுண்டருக்கும் பாப்பாயி களி போட்டிருந்தாள்; அவர் உருண்டைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார், தொடவில்லை.

"பொன்னா, உள்ள வா" என்றார்.

வந்தான்.

"உக்காரு."

பொன்னன் அவருக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தான். கிழவர் கொஞ்ச நேரம் அவனைப் பார்த்தார். பிறகு தன் பெரிய உள்ளங்கையை நீட்டி அவன் மடிமேல் வைத்தார். எடுக்கவில்லை.

"கனத்தானா?" என்று கேட்டார்.

"இல்லீங்க பெரியப்பா. லேசா இருந்தான்."

கிழவர் தலையை ஆட்டினார். ஆட்டிக்கொண்டே இருந்தார். கண்ணீர் தாடைக்கு வந்து சொட்டியது, துடைக்கவில்லை. பொன்னனும் அசையவில்லை. மடிமேல் ஒரு குழந்தை தூங்கிக்கொண்டிருப்பது போல அப்படியே உட்கார்ந்திருந்தான்.

"நாலு நாளுமே நீதான் தொவைச்சியா?"

"ஆமாங்க."

"ஏன்டா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

கிழவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. என் பக்கம் திரும்பினார். முதல் நாள் இருந்த பிரியம் அந்தப் பார்வையில் இல்லை. வெறுப்பும் இல்லை. "தொரை பெரிய ஆளுதானுங்க. இருக்கட்டும்" என்றார். "ஆனா எம் பையன் தலையப் புடிச்சவன் தெனமும் எங் காட்டுல ஏரு ஓட்டிக்கிட்டு இருந்திருக்கான். நான் அவனுக்கு ஒரு நாளு மோரு குடுத்தா, ரெண்டு நாளு மறந்துருவேன்."

பிறகு உள்ளே பார்த்துச் சொன்னார்: "பாப்பாயி, சித்திரையில நாடு கூடும். நானே பேசறேன். யாரு என்ன சொல்றாங்கன்னு பாப்போம்."

உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது. கொஞ்சம் பொறுத்துப் பாப்பாயி இன்னொரு வட்டிலோடு வந்தாள். அதைப் பொன்னன் முன்னால் வைத்து, களி உருண்டையைப் போட்டு, நடுவில் குழி செய்து கீரையை ஊற்றினாள். அவன் முகத்தைப் பார்க்கவில்லை. மாமனார் முகத்தையும் பார்க்கவில்லை.

"ஆறிப்போனா நல்லா இருக்காது" என்றாள். "மூணு பேரும் மொதல்ல சாப்புடுங்க."

சாப்பிட்டோம்.